அத்திப்பள்ளிக்குப் போன ஊறுகாய்

உபாத்தியாயராக இருப்பதில் ஒரு தொல்லை உண்டு. தமக்குத் தெரியாத விஷயத்திலும் அவரை யாராவது யோசனை கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அதைக் காட்டிலும் பெரிய தொல்லை, கேட்ட மாத்திரத்தில் அவர் யோசனை சொல்லியும் விடுவார். "அது நமக்குத் தெரியாது" என்று சொல்ல நமக்கு நா எழுவதில்லை. இருபது வருஷ காலம் கரும்பலகைக்கு முன்னால் நின்று பழகிய தோஷம் அது. அந்தத் தோஷத்தினால் ஓசூரில் நம் எதிர்வீட்டு அம்மாளுக்கு நேர்ந்த நஷ்டத்தை இந்த வாரம் நேயர்களுக்குச் சொல்லிவிட எண்ணுகிறோம். வீட்டிலிருந்தபடியே சிறு தொழில் நடத்தும் குடும்பங்கள் இன்று எத்தனையோ இருக்கின்றன. நம் தவறு அவர்களுக்காவது பயன்படட்டும்.

அம்மாளின் கணவர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். மகள் பள்ளி இறுதி வகுப்புக்கு வந்ததும், காலேஜ் செலவுக்கு என்ன செய்வது என்ற கவலை அம்மாளுக்குப் பிடித்துக்கொண்டது. கிருஷ்ணகிரி ஜில்லாவில் மாங்காய்க்குப் பஞ்சமில்லை. சித்திரை வைகாசியில் வண்டி வண்டியாக வந்து இறங்கும். அம்மாள் ஆவக்காயும் தொக்கும் போட்டார். முதலில் உறவினர் வீடுகளுக்கும், பிறகு தெருவுக்கும், பிறகு இரண்டொரு கடைகளுக்கும் அவை போயின. ஒரு நாள் மாலை நம்மிடம் வந்து, "ஸார், இதற்கு ஜி.எஸ்.டி. எல்லாம் எடுக்க வேண்டுமா?" என்று கேட்டார்.

நாம் யோசிக்கவே இல்லை. "வருஷத்துக்கு நாற்பது லட்சம் ரூபாய் வியாபாரம் வரையில் ஒன்றும் வேண்டாம், அம்மா. நாற்பது லட்சத்துக்கு ஊறுகாய் விற்றால் நாமே வந்து உங்களுக்குக் கணக்கு எழுதுகிறோம்" என்று சொல்லிச் சிரித்தோம். அம்மாளும் சிரித்துவிட்டுப் போனார்.

நாம் சொன்னது பொய் அல்ல, பாதி உண்மை. சட்ட விஷயத்தில் பாதி உண்மை முழுப் பொய்யைவிட ஆபத்தானது என்பது பத்து மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அம்மாளின் கடைகளில் பெரிய கடை அத்திப்பள்ளியில் இருந்தது. வாரந்தோறும் பஸ்ஸில் இரண்டு பெட்டி அங்கே போய்க்கொண்டிருந்தது. அந்தக் கடையின் கணக்கைப் பார்க்க வந்த ஆடிட்டர், "இந்த ஊறுகாய்க்கு வரி எண்ணோடு கூடிய பில் எங்கே?" என்று கேட்டார். அன்றோடு கடைக்காரர் சரக்கு வாங்குவதை நிறுத்திவிட்டார். அப்போதுதான் அம்மாள் நம் வாசலில் வந்து நின்றார்.

*

விஷயம் இதுதான். 2017 ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி நம் நாட்டில் அமலுக்கு வந்தது. பொருள்களை மட்டுமே விற்பவருக்கு, வருஷ விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம் என்று 2019 ஏப்ரல் 1 முதல் தமிழ்நாட்டில் ஏற்பட்டது. நமக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஆனால் அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு, மாநில எல்லையைத் தாண்டி வரிக்குரிய பொருளை விற்பவர் எவ்வளவு சிறியவரானாலும் பதிவு செய்துகொள்ளத்தான் வேண்டும் என்கிறது. அங்கே நாற்பது லட்சமும் இல்லை, நாற்பது ரூபாயும் இல்லை. முதல் பாட்டிலிலிருந்தே பதிவு தேவை.

தஞ்சாவூரிலோ மதுரையிலோ இருப்பவர்களுக்கு இந்த விதி எங்கோ தொலைவில் உள்ள விஷயம். நமக்கு அப்படியல்ல. ஓசூரிலிருந்து ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அது கர்நாடகம். டவுன் பஸ்ஸில் போய் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். கன்னியாகுமரியோ 500 கிலோமீட்டருக்கு மேல். அம்மாள் கன்னியாகுமரிக்கு ஊறுகாய் அனுப்பினால் பதிவு தேவையில்லை; அடுத்த ஊருக்கு அனுப்பினால் தேவை. எல்லைப் பிரதேசத்தில் குடியிருப்பவர்களுக்கு மட்டும் சட்டம் இப்படி வாசற்படியிலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. புதிய வரி வந்தபோது மாநில எல்லைகளில் இருந்த வணிக வரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டன. லாரிகள் மைல் கணக்கில் காத்துக் கிடந்த காலம் போயிற்று. சாலையில் கம்பு இல்லை. ஆகவே எல்லையே இல்லை என்று சாதாரண மனிதர் நினைப்பது இயல்பு. பெரிய வியாபாரிக்கு அது பெரும்பாலும் உண்மையும்கூட. ஆனால் பதிவில்லாத சிறு வியாபாரிக்குச் சாலையில் இருந்த கம்பு சட்டப் புத்தகத்தில் இன்னும் குறுக்கே கிடக்கிறது. கண்ணுக்குத் தெரியாத கம்பில்தான் தலை இடிக்கும்.

தலை இடித்தால் என்ன ஆகும்? அம்மாள் ஓர் ஆடிட்டரிடம் போனார்; நாமும் கூடப் போனோம். அனுப்பிய சரக்கு அனைத்துக்கும் வரி கட்ட வேண்டும், அதோடு வருஷத்துக்கு 18 சதவீதம் வட்டியும் கட்ட வேண்டும் என்றார் அவர். சரக்கு வரி என்பது வாங்குபவரிடமிருந்து வசூலித்துச் சர்க்காருக்குச் செலுத்த வேண்டியது. அம்மாள் கடைக்காரரிடம் வசூலிக்கவில்லை. இனிக் கேட்டாலும் அவர் கொடுக்கப் போவதில்லை. ஆகவே அது கைப்பணத்திலிருந்து போக வேண்டும். 5 சதவீத வரியுள்ள பொருளை 2 லட்சம் ரூபாய்க்கு விற்றிருந்தால் ஏறக்குறைய 10,000 ரூபாய். ஊறுகாயில் நிற்கும் லாபத்தை அறிந்தவர்களுக்கு இந்தத் தொகையின் கனம் தெரியும். பதிவு செய்யாமல் விற்றதற்கு 10,000 ரூபாய் அல்லது வரித் தொகை, இவற்றில் எது அதிகமோ அதை அபராதமாக விதிக்கவும் சட்டத்தில் இடமுண்டு. வழியில் சரக்கு பிடிபட்டிருந்தால் வரியைப் போல் இருமடங்கு அபராதம். தானாகவே முன்வந்து கட்டிவிட்டதால் அம்மாளுக்கு வரியோடும் வட்டியோடும் போயிற்று.

அந்தப் பணம் மகளின் காலேஜ் சம்பளத்துக்கென்று அஞ்சறைப் பெட்டியிலிருந்து பாங்கிக்குப் போயிருந்த பணம். நாம் ஒரு பகுதியைக் கொடுப்பதாகச் சொன்னோம். "நீங்கள் நல்லதற்குத்தானே சொன்னீர்கள், ஸார்" என்று சொல்லி அம்மாள் வாங்க மறுத்துவிட்டார். அவர் நம்மைக் கோபித்துக்கொண்டிருந்தால் இதைவிட லேசாக இருந்திருக்கும்.

*

நிற்க. விற்பனை வரிக்கும் நம் பிரதேசத்துக்கும் பழைய உறவு ஒன்று இருக்கிறது. ஓசூருக்குப் பக்கத்திலுள்ள தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த ராஜாஜி, சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியாக இருந்தபோது 1937 அக்டோபர் 1 அன்று சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். ஓசூர் அப்போது சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. கள்ளுக் கடையிலிருந்து வந்த வருமானம் நின்றதும், அதை ஈடு செய்ய 1939இல் பொது விற்பனை வரிச் சட்டம் பிறந்தது. இந்தியாவில் பொது விற்பனை வரி விதித்த முதல் மாகாணம் நம்முடையதே. அந்த முதற் சட்டத்திலேயே, வருஷத்தில் 10,000 ரூபாய்க்குக் குறைவாக விற்பவருக்கு வரி இல்லை என்று எழுதியிருந்தார்கள். சிறு வியாபாரியின் கூடையில் கை வைக்கலாகாது என்ற எண்ணம் அன்று தொட்டு இருந்துவருகிறது. எல்லை தாண்டும் கூடைக்கு மட்டும் அந்தத் தயை இன்று இல்லை. இந்த விதியைச் சிறு தொழில்களுக்காகத் தளர்த்த வேண்டும் என்பது நம் அபிப்பிராயம். ஆனால் தளரும் வரையில் அதற்கு உட்பட்டே நடக்க வேண்டும்.

எல்லாக் கூடைக்கும் தயை இல்லை என்று சொல்வதும் சரியல்ல. சில விலக்குகள் உண்டு. எல்லையோரக் குடும்பங்கள் அவற்றை மனப்பாடம் செய்துகொள்வது நலம்.

முதலாவது, சேவைகள். ஓசூரில் உட்கார்ந்துகொண்டு பெங்களூர்ப் பிள்ளைகளுக்குப் பாட்டோ கணக்கோ சொல்லிக்கொடுப்பவருக்கும், கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவருக்கும் எல்லை ஒரு தடையல்ல. வருஷ வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டும் வரையில் பதிவு தேவையில்லை. ஊறுகாய்க்கு இல்லாத சுதந்திரம் சங்கீதத்துக்கு இருக்கிறது.

இரண்டாவது, கைத்தொழில். சர்க்கார் பட்டியலில் கண்ட, பெரும்பாலும் கையாலேயே செய்யப்பட்ட கைவினைப் பொருள்களை 20 லட்சம் ரூபாய் வரையில் பதிவில்லாமலே வெளி மாநிலத்துக்கு விற்கலாம். பான் எண்ணும், சரக்கோடு போகும் ஈ-வே பில்லும் மட்டும் இருக்க வேண்டும்.

மூன்றாவது, கூலி வேலை. பெங்களூர்க் கம்பெனி துணியை அனுப்ப, ஓசூர் வீட்டில் தைத்துத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தைப்பவரின் வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால் அவருக்குப் பதிவு வேண்டாம். நகை வேலைக்கு இந்தச் சலுகை இல்லை. சரக்கின் மதிப்பு எவ்வளவு குறைவானாலும் அதை அனுப்பும் கம்பெனி ஈ-வே பில் எடுத்திருக்க வேண்டும். வாங்கும்போதே அதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, நேரில் வந்து வாங்குவது. பதிவில்லாத வாடிக்கையாளர் வாசலுக்கு வந்து பாட்டிலை வாங்கிப் போகிறார். பில்லில் அவர் முகவரி எழுதப்படவில்லை. அப்போது விற்றவர் இருக்கும் இடமே விற்பனை நடந்த இடம் என்று 2023 அக்டோபர் 1 முதல் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. ஆகவே பெங்களூரிலிருந்து காரில் வந்து வாங்கிப் போகிறவரைக் கண்டு பயப்பட வேண்டாம். அதே தேதியிலிருந்து, இணையக் கடைகளின் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்கும் சிறு வியாபாரிகளும், உரிய எண் ஒன்றைப் பெற்றுக்கொண்டு, முழுப் பதிவில்லாமல் விற்கலாம்.

"ஒரு சதவீதம் கட்டினால் போதும் என்கிறார்களே?" என்று சிலர் கேட்கக்கூடும். அது தொகுப்பு வரித் திட்டம். ஒன்றரைக் கோடி ரூபாய் வரை விற்கும் உற்பத்தியாளருக்கும் வியாபாரிக்கும் உரியது. அதில் சேர்ந்தவர் வெளி மாநிலத்துக்குச் சரக்கு விற்கக் கூடாது. அத்திப்பள்ளி வாடிக்கையுள்ளவருக்கு அது உதவாது. அவர் எடுக்க வேண்டியது சாதாரணப் பதிவு. அதற்குக் கட்டணம் கிடையாது. வீடே தொழில் செய்யும் இடமாக இருக்கலாம். மின்சார பில்லோ வீட்டு வரி ரசீதோ போதும். வீடு பிறர் பெயரில் இருந்தால் அவருடைய சம்மதக் கடிதம் வேண்டும். பதிவுற்ற வாடிக்கையாளர்களுக்கு விற்பதில் வரும் வரி மாதம் இரண்டரை லட்சம் ரூபாய்க்கு மேற்படாத சிறியவர்களுக்கு, மூன்று வேலை நாட்களில் பதிவு தரும் எளிய வழியும் 2025 நவம்பர் 1 முதல் ஏற்பட்டிருக்கிறது. பதிவு பெற்ற பிறகு எண்ணெய்க்கும் பாட்டிலுக்கும் லேபிளுக்கும் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் விற்பனையே இல்லாத காலத்துக்கும் கணக்கைத் தாக்கல் செய்தாக வேண்டும். "ஒன்றும் விற்கவில்லையே!" என்று சும்மா இருந்தால் நாள் கணக்கில் தாமதக் கட்டணம் ஏறும்.

*

எல்லைக்கு அப்பால் நடந்த இன்னொரு சம்பவத்தையும் இங்கே நினைவுறுத்த வேண்டும். 2025 ஜூலையில் கர்நாடக வணிக வரி இலாகா ஆயிரக்கணக்கான சிறு வியாபாரிகளுக்கு அறிவிப்பு அனுப்பியது. யு.பி.ஐ. மூலம் அவர்களுடைய கணக்கில் வந்த தொகைகளைக் கூட்டிப் பார்த்து, வரம்பைத் தாண்டியவர்கள் என்று கண்டவர்களை விளக்கம் கேட்டது. பேக்கரிக்காரர், டீக்கடைக்காரர் முதலியோர் திகைத்துப் போனார்கள். வரியே இல்லாத பாலும் காய்கறியும் விற்றவர்களுக்கும் அறிவிப்பு வந்தது. பெங்களூர்க் கடைகளில் "யு.பி.ஐ. இல்லை, ரொக்கம் மட்டும்" என்ற அட்டைகள் தொங்கின. கிளர்ச்சி எழுந்ததும், பழைய பாக்கியை வசூலிப்பதில்லை என்று முதல் மந்திரி அறிவித்தார்.

இதிலிருந்து ரொக்கத்துக்குத் திரும்புவதுதான் வழி என்று பாடம் கற்பவர்கள் தவறான பாடம் கற்கிறார்கள். அந்த வியாபாரிகளில் பலருடைய இக்கட்டு வேறு. தங்கை அனுப்பிய பணம், சீட்டுப் பணம், கைமாற்றாக வாங்கியது, சரக்கு விற்றது எல்லாம் ஒரே கணக்கில் கலந்து கிடந்தால், எது வியாபாரம், எது உறவு என்று பிரித்துக் காட்டுவது எப்படி? ஆகவே வீட்டுத் தொழில் தொடங்குகிறவர் முதல் காரியமாகத் தொழிலுக்கென்று தனிப் பாங்கிக் கணக்கு ஒன்று திறக்க வேண்டும். இரண்டாவது காரியமாக ஒரு நோட்டுப் புத்தகம் வாங்க வேண்டும். அதில் நாள்தோறும் வரவு செலவு எழுத வேண்டும். பால் கணக்கும் சலவைக் கணக்கும் தவறாமல் எழுதும் நம் பெண்மணிகளுக்கு இது ஒரு பாரமல்ல.

*

வரி ஒன்றே சட்டம் அல்ல. உணவுப் பண்டம் செய்பவர், வீட்டுச் சமையலறையிலேயே செய்தாலும், 2006ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டவர். சிறியவருக்குப் பதிவு, பெரியவருக்கு உரிமம். 2011இன் விதிகள் வருஷம் 12 லட்சம் ரூபாய் விற்பனையை இரண்டுக்கும் இடையே கோடாக வைத்தன. பதிவுக் கட்டணத்தை வருஷத்துக்கு 100 ரூபாயாக வைத்தன. கிடைக்கும் பதினான்கு இலக்க எண்ணை லேபிளில் அச்சிட வேண்டும். செய்தவர் பெயர், முகவரி, நிகர எடை, விலை, தயாரித்த தேதி, எது வரையில் உண்ணலாம் என்பதும் லேபிளில் இருக்க வேண்டும். வீட்டு முகவரியைப் பாட்டிலில் போடுவதற்குச் சிலர் கூசுகிறார்கள். பிறர் வயிற்றுக்குள் போகும் பண்டத்துக்குப் பெயரும் ஊரும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அடுத்தது மின்சாரம். வீட்டு இணைப்பு வீட்டு உபயோகத்துக்கே உரியது. அதில் மிளகாய் அரைக்கும் யந்திரத்தை மாட்டித் தொழிலாக ஓட்டினால், 2003ஆம் வருஷத்து மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவு குறுக்கே வரும். உரிய கட்டணத்தைப் போல் இருமடங்கு, அதுவும் ஒரு வருஷத்துக்குப் பின்னோக்கிக் கணக்கிடப்படலாம். யந்திரம் வாங்குவதற்கு முன்பே மின்சார வாரிய ஆபீசில் எழுத்து மூலம் கேட்டு, குறுந்தொழிலுக்கு உரிய இணைப்பைத் தனியாக வாங்கிக்கொள்வது உத்தமம். வாடகை வீடானால் வீட்டுக்காரரின் சம்மதத்தை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். வாய்ச் சம்மதம் வாசல் வரையில்தான் செல்லும். ஓசூர் 2019 முதல் மாநகராட்சி. தொழில் வரி ஆறு மாதத்துக்கு ஒரு முறை அங்கே கட்ட வேண்டும். ஒருவரிடம் வருஷத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல் இந்த வரியை வாங்கக் கூடாது என்று அரசியல் சாசனமே சொல்கிறது, அஞ்ச வேண்டாம்.

வருமான வரியைக் கண்டு பயப்படுகிறவர்களே அதிகம். அதில்தான் சிறியவருக்குப் பயம் குறைவு. புதிய முறையில் 2025-26 நிதியாண்டு முதல், 12 லட்சம் ரூபாய் வரை மொத்த வருமானம் உள்ளவருக்கு வரி விழுவதில்லை. இரண்டு கோடி ரூபாய்க்குட்பட்ட வியாபாரத்துக்கு, ரொக்க விற்பனையில் 8 சதவீதமும் பாங்கி மூலம் வந்ததில் 6 சதவீதமும் லாபம் என்று காட்டிவிட்டால், விரிவான கணக்குப் புத்தகங்களும் தேவையில்லை. ஒரு நுட்பம் மட்டும் கவனிக்கத் தக்கது. கணவர் தம் பணத்தை மனைவிக்குத் தானமாகக் கொடுத்து அதை முதலாக வைத்துத் தொழில் நடத்தினால், அந்த முதலுக்குரிய லாபம் கணவரின் வருமானத்தோடு சேர்க்கப்படும். மனைவியின் சொந்தச் சேமிப்போ, பாங்கிக் கடனோ முதலானால் லாபம் மனைவியுடையது. கணவரே கொடுப்பதானாலும் வட்டியோடு கடனாகக் கொடுத்து எழுதி வைத்துக்கொள்ளலாம். தம்பதிகளுக்குள் கணக்கா என்று சிரிக்க வேண்டாம். கணக்கு இருக்குமிடத்தில் பிணக்கு இராது.

கடைசியாக ஓர் அனுகூலம். 2020 ஜூலை 1 முதல் சிறு தொழில்களுக்கு உத்யம் பதிவு என்று ஒன்று இருக்கிறது. ஆதாரும் பானும் இருந்தால் போதும், கட்டணம் கிடையாது. பணம் கேட்பவர் யாராயினும் தரகரே என்று அறிக. ஓசூரில் கம்பெனிகளுக்கு உதிரி வேலை செய்து கொடுக்கும் வீடுகளுக்கு இது கவசம். பதிவுற்ற சிறு உற்பத்தியாளருக்கு வாங்கியவர் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும்; தவறினால் பாங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கு கூட்டு வட்டி. சட்டம் எப்போதும் நம்மிடம் கேட்பதற்காகவே வருகிறது என்று நினைக்கிறோம். சில சமயம் நமக்காகக் கேட்பதற்கும் அது வரும். அழைக்க நம்மிடம் எண் இருக்க வேண்டும்.

*

எதிர்வீட்டு அம்மாள் பதிவு செய்துகொண்டார். அத்திப்பள்ளிக் கடைக்காரர், பில் வந்தால் தமக்கும் வரிக் கழிவு கிடைக்கும் என்பதால், முன்னைவிட அதிகமாகவே வாங்குகிறார். மகள் காலேஜில் சேர்ந்துவிட்டாள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை தாக்கல் செய்யும் கணக்கை எழுதும் வேலை, நாம் அன்று சிரித்துக்கொண்டே சொன்ன வார்த்தைப்படி, இப்போது நம்முடையது.

அம்மாள் இன்னமும் நம்மிடம் யோசனை கேட்கத்தான் செய்கிறார். சென்ற வாரம், "ஸார், மாங்காய்ப் பொடியை ஆன்லைனில் மைசூருக்கு அனுப்பலாமா?" என்று கேட்டார். நாம் வாயைத் திறப்பதற்குள், "அவசரமில்லை, பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். நாமும் பார்த்துத்தான் சொன்னோம்.